மூச்சு வாங்காதவள்

அன்று ஹீலோ பள்ளி அரங்கத்தில் நான் சொல்லாமல் விட்டவை இரண்டு. எங்கள் தீவின் புனித மலையான மவுனா கேயாவின் உச்சியில், ஏற்கெனவே இருக்கும் தொலைநோக்கிகளோடு இன்னொரு தொலைநோக்கி கட்டலாமா, கூடாதா என்று ஊர்மக்களைக் கேட்பதற்காகக் கூட்டிய கூட்டம் அது. லாஸ் வேகஸில் இருக்கும் என் அண்ணன் நஹோவா, கூடாது என்று தான் பேச நினைத்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி, தன் சார்பில் என்னை வாசிக்கச் சொல்லி அனுப்பியிருந்தான். அதை நான் வாசிக்கவில்லை. அதே தொலைநோக்கியை இயக்கக் கற்றுக்கொள்ளும் வேலைக்கு முந்தைய வாரம்தான் நான் சம்மதம் சொல்லியிருந்தேன். அதையும் சொல்லவில்லை. ஒலிபெருக்கியின் முன்னால் நின்று என் பெயர், அப்பா அம்மாவின் பெயர், எங்கள் மலையின் பெயர், எங்கள் கடலின் பெயர் எல்லாவற்றையும் முறைப்படி சொன்னேன். அதற்கு மேல் எதுவும் வரவில்லை. வந்து உட்கார்ந்துவிட்டேன்.

நானும் அண்ணனும் போனில் பேசுவதை நிறுத்தியிருந்த காலம் அது. கிறிஸ்துமஸ் அன்று இந்த மலையைப் பற்றித் தொடங்கிய பேச்சு கத்தலில் முடிந்திருந்தது. சிறு வயதில் நாங்கள் அடித்துக்கொண்டால் அப்பா ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுப்பார். "வாயால வேண்டாம். எழுதிக் குடுங்க. கை வலிக்க ஆரம்பிச்சா கோவம் தானா கொறையும்" என்பார். அப்பா இறந்த பிறகும் நாங்கள் அந்த ஏற்பாட்டுக்கே திரும்பினோம்.

*

ஹீலோ, பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணா,

இங்கே ஒரு வாரமாக மழை. மோமி அத்தை சுகம், நானும் சுகம், சளி ஒன்றுதான் தொல்லை. மரிசெல் அண்ணிக்கு ஏழாம் மாதம் ஆகிவிட்டதே, கால் வீக்கம் வடிந்ததா?

கூட்டம் நடந்தது. உன் தாளை வாசிக்க முடியவில்லை. தொண்டை கட்டிக்கொண்டது. மன்னித்துவிடு.

நீ வந்திருக்க வேண்டும். மோமி அத்தை தேவாலயத்துக்குப் போகிற தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். "வீட்டுக்கு விருந்தாளின்னு வந்தாங்க. ஒரு நாற்காலி போட்டோம். இன்னொண்ணு கேட்டாங்க, போட்டோம். இப்ப வீடு பூரா அவங்க நாற்காலிதான். இதுல கட்டிலும் போடணுமாம்!" என்றார். நேரம் முடிந்ததென்று மணி அடித்தார்கள். "மணி அடிக்கிற தம்பி, எங்க வயசுக்கு ரெண்டு தடவை அடிக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். 

பிறகு ஒரு பையன் பேசினான், நம் ஆள்தான், புனா பக்கத்துக்காரன். "நம்ம முன்னோருங்க நட்சத்திரத்தப் பாத்துத்தான கடல் தாண்டி இங்க வந்தாங்க? நாம பாத்தா மட்டும் என்ன தப்பு?" என்றான். அத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே, "பாத்தாங்கடா கண்ணு. ஆனா பாக்கறதுக்கு மலையத் தோண்டல" என்றார். இரண்டு பக்கத்தாரும் சிரித்தார்கள். அந்தப் பையனும் சிரித்தான். எனக்கு அவன் மேல் இரக்கமாக இருந்தது.

அண்ணியைப் படிக்கட்டு ஏறவிடாதே. அத்தையின் ஆசீர்வாதங்கள்.

உன் தங்கை,
மெஹானா

*

லாஸ் வேகஸ், பிப்ரவரி 27

அன்புள்ள மெஹானா,

வீக்கம் வடிந்தது. மரிசெல் இப்போது என்னைத்தான் படிக்கட்டு ஏற வைக்கிறாள். இங்கே மழை என்றால் என்னவென்று கேட்க வேண்டும். காற்றில் மணல், மூக்கில் ரத்தம். நான் வேலை செய்யும் ஹோட்டலுக்கு எதிரே பொய் எரிமலை ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். மாலையானால் வெடிக்கிறது. கைதட்டுகிறார்கள். நான் சுவருக்குப் பலகை அடித்துக்கொண்டே அதைப் பார்ப்பேன். உண்மையான எரிமலையின் மேல் பிறந்தவன் இங்கே வந்து சம்பளத்துக்காகப் பொய் எரிமலையின் பக்கத்தில் நிற்கிறேன். அப்பா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

தொண்டை கட்டிக்கொண்டதென்றால் சரி. வேறு சந்தர்ப்பம் வரும்.

நேற்று அப்பாவின் பனி வண்டி ஞாபகம் வந்தது. மலையில் பனி விழுந்த காலையில் பிக்கப் வண்டியின் பின்பக்கம் முழுக்கப் பனியை அள்ளிக்கொண்டு, உருகுவதற்குள் கடற்கரைக்கு வந்துவிட வேண்டுமென்று விரட்டிக்கொண்டு வருவாரே. நீ அதன் மேல் உட்கார்ந்து பற்கள் அடித்துக்கொள்ள, "அப்பா, வேகமா! அழுவுது, பனி அழுவுது!" என்று கத்துவாய். தென்னை மரத்தடியில் பனி மனிதன் செய்வோம். மீன் பிடிக்கிறவர்கள் தூண்டிலை விட்டுவிட்டு வந்து அதற்குத் தொப்பி வைப்பார்கள். மதியத்துக்குள் மணலில் ஈரம் மட்டும் இருக்கும். இங்கே யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை.

ஒரு விஷயம். குழந்தை ஏப்ரல் கடைசியில். தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் அனுப்புகிறேன். நம் வழக்கப்படி நீதான் அதை மலை மேலிருக்கும் வையாவ் ஏரிக்குக் கொண்டுபோய் வைக்க வேண்டும். உன்னுடையதையும் என்னுடையதையும் அப்பா வைத்த அதே இடம், நாய் படுத்திருப்பது போல் இருக்குமே, அந்தப் பாறை. நம் இருவருக்கும் மட்டும்தான் அவர் அதைக் காட்டினார். அன்றைக்கு அவர் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "நாளைக்கு ஒம் பிள்ளையோடத மெஹானா கொண்டாரட்டும். நீ பாதி வழியிலயே உக்காந்துடுவ. அவளுக்கு மூச்சு வாங்காது."

உடம்பைப் பார்த்துக்கொள். சளிக்குச் சும்மா இருக்காதே.

நஹோவா

*

ஹீலோ, மார்ச் 15

அன்புள்ள அண்ணா,

சளி போய்விட்டது. நீ மூக்குக்குள் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவு, ரத்தம் நிற்கும்.

கண்டிப்பாகக் கொண்டுபோகிறேன். அதைவிடப் பெரிய காரியம் எனக்கு வேறு என்ன இருக்கிறது? உன் கடிதத்தைப் படித்துவிட்டு அப்பாவின் பிக்கப்பைத் துடைத்து, டயருக்குக் காற்று அடித்து வைத்தேன். இன்னும் ஓடுகிறது. ஆனால் பின்னால் போக வேண்டுமென்றால் கெஞ்ச வேண்டும்.

நீ பனி வண்டியைப் பற்றி எழுதியதும் எனக்கு இன்னொரு வண்டி ஞாபகம் வந்தது. அப்பா அந்தக் காலைகளில் மலையில் என்ன செய்துகொண்டிருந்தார்? தொலைநோக்கிக்காரர்களுக்காகப் பாதையில் பனி தள்ளிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து இறங்கும்போதுதான் நமக்குப் பனி. பனி தள்ளும் வண்டியைக் கிளப்புவதற்கு முன் இறங்கி நின்று, தொப்பியைக் கழற்றி, மலையிடம் இன்னார் மகன் இன்னார் வந்திருக்கிறேன் என்று சொல்வார். பிறகு ஏறி உட்கார்ந்து பனி தள்ளுவார். இரண்டையும் செய்தார். உன்னிடம் சண்டைக்கு வரவில்லை அண்ணா. எழுதும்போது ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

நான் நிற்கிற புத்தகக் கடையில் வியாபாரம் மந்தம். மற்றபடி எழுத விசேஷம் எதுவுமில்லை.

அண்ணிக்கு ஒரு சின்னத் தொப்பி பின்னிக்கொண்டிருக்கிறேன், அதாவது குழந்தைக்கு. எல்லோரும் சுகமாக இருங்கள்.

மெஹானா

*

லாஸ் வேகஸ், ஏப்ரல் 2

மெஹானா,

இங்கே எல்லோரும் சுகம்.

ஞாயிற்றுக்கிழமை மோமி அத்தை போன் செய்தார். "ஒந் தங்கச்சிக்கு அந்தப் புது தொலைநோக்கி ஆபீஸ்ல வேல. ஜனவரியிலயே முடிவாயிடுச்சாமே. ஒனக்குத் தெரியாதா?" என்றார். தெரியும் என்று சொல்லிவிட்டேன். என் தங்கையைப் பற்றி எனக்குத் தெரியாதது அத்தைக்குத் தெரிந்திருக்கிறது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

உன் தொண்டையில் என்ன கட்டிக்கொண்டிருந்தது என்று இப்போது புரிகிறது.

என் பிள்ளையுடையதை நீ கொண்டுபோக வேண்டாம். அப்பா சொன்னது வேறு ஒரு மெஹானாவைப் பற்றி.

நஹோவா

*

ஹீலோ, ஏப்ரல் 9

அண்ணா,

அண்ணியும் நீயும் நலமாக இருக்க வேண்டும். மாதம் நெருங்குகிறது. என் மேலுள்ள கோபத்தை வீட்டுக்குள் கொண்டுபோகாதே.

நான் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டுமென்று எழுதிய கடிதங்களும் உண்டு. அவற்றை அனுப்பவில்லை.

நான் மலையை யாருக்கும் கொடுக்கவில்லை. எனக்கு வானத்தைப் பார்க்கப் பிடிக்கும். அது உனக்கும் தெரியும். ஆனால் அதற்காக மட்டுமல்ல. நம்மோடு படித்தவர்களில் இன்னும் யார் இந்தத் தீவில் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பார். நீ போனாய். உன்னைக் குறை சொல்லவில்லை, இங்கே உனக்கு வேலை இல்லை, போனாய். நானும் போகாமல் இருப்பதற்கு ஒரு வழி தேடினேன். கிடைத்தது இந்த ஒரு வழிதான். நீ தூரத்தில் இருந்துகொண்டு மலையை நேசிக்கலாம். அது இருந்தபடியே இருக்கும். நான் இங்கே இருந்துகொண்டு நேசிக்க வேண்டும்.

வேலையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல். குழந்தையுடையதை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே. பிக்கப்பை இன்னும் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மெஹானா

*

லாஸ் வேகஸ், மே 20

அன்புள்ள மெஹானா,

உன் அண்ணன் எழுத மாட்டேன் என்கிறார். அதனால் நான் எழுதுகிறேன். எனக்கு உங்கள் இருவரைப் போல் அழகாக எழுத வராது.

குழந்தை ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி பிறந்தாள். பெயர் லிலினோயே. மலை மூடுபனியின் பெயர் என்றார், இந்தப் பாலைவனத்தில் யாருக்கும் வாயில் நுழையவில்லை. நர்ஸ் "லில்லி" என்று எழுதிவிட்டாள். இவர் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகச் சொல்லித் திருத்தினார். நீ பின்னிய தொப்பி பெரியது. ஆனால் குழந்தைக்குக் காதும் பெரியது, சரியாகிவிட்டது. நான் நலம். தூக்கம்தான் இல்லை.

தொப்புள்கொடி ஆறாம் நாள் விழுந்தது. இவர் அதை, குழந்தைகளுக்கான மசித்த காய்கறி இருந்த காலிப் பாட்டிலில் போட்டு, குளிர்பெட்டியின் மேல் வைத்து, அதைச் சுற்றி எலிப்பொறி வைத்திருக்கிறார். "எலி தூக்கிட்டுப் போனா பொண்ணு திருடியாயிடுவா. எங்க கிமோ சித்தப்பாவோடத எலிதான் கொண்டுபோச்சு, அவர் கடன் வாங்கின எதையும் திருப்பிக் குடுத்ததில்ல" என்கிறார். நான் சிரித்தால் கோபம் வருகிறது. நேற்று அந்தப் பொறியில் அவர் விரலே மாட்டிக்கொண்டது.

எங்கள் பிலிப்பைன்ஸ் வீடுகளிலும் ஒரு பழக்கம் உண்டு. என்னுடையது, என் அக்காவுடையது, தம்பியுடையது மூன்றையும் அம்மா ஒரே துணியில் முடிந்து வைத்திருக்கிறாள். கூடப் பிறந்தவர்கள் சண்டை போடக் கூடாது என்று. நான் கேட்கிறேன், உன்னுடையதும் இவருடையதும் ஒரே இடத்தில் இருக்கிறதா? இருந்தால் பிறகு ஏன் இப்படி?

நான் எழுதியதை இவரிடம் சொல்லவில்லை.

மரிசெல்

*

ஹீலோ, ஜூன் 3

அன்புள்ள அண்ணி,

லிலினோயேவுக்கு முத்தங்கள், காதுகளுக்கும் சேர்த்து. உங்கள் கடிதத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் என்னைப் பைத்தியம் என்பீர்கள். குழந்தை பிறந்ததை எனக்கு வேறு யாரும் எழுதவில்லை. அத்தையும் நான் கேட்டால்தான் சொல்லியிருப்பார்.

எங்கள் இருவருடையதும் ஒரே பாறையின் ஒரே பிளவில்தான் இருக்கின்றன. அப்பா என்னுடையதை வைக்கப் போனபோது அண்ணனுக்கு எட்டு வயது, கூடப் போயிருக்கிறான். "நீ வெக்கிற இடத்துல ஏற்கெனவே நான் இருக்கேன், கொஞ்சம் தள்ளி வை" என்றானாம். அவன் பெரியவனான பிறகும் அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சீண்டுவார்.

பிறகு ஏன் இப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அம்மாவின் துணி முடிச்சு இன்னும் அவிழாமல் இருக்கிறதா என்று எழுதுங்கள். உங்கள் தம்பியோடு நீங்கள் சண்டையே போட்டதில்லையா?

பாட்டிலை இறுக மூடி வையுங்கள். பொறியை எடுத்துவிடுங்கள். நன்றாகச் சாப்பிடுங்கள்.

மெஹானா

*

லாஸ் வேகஸ், ஜூலை 8

அன்புள்ள மெஹானா,

நாங்கள் நலம். தம்பியோடு தினமும் சண்டைதான். ஆனால் பேசிக்கொண்டே சண்டை போடுவோம்.

நேற்று இவர் பாட்டிலைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டார். பெட்டியின் மேல் உன் பெயரை எழுதினார். பிறகு அடித்துவிட்டு மோமி அத்தையின் பெயரை எழுதினார். உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். இரண்டையும்.

மரிசெல்

*

ஹீலோ, ஜூலை 25

அன்புள்ள அண்ணி,

குழந்தையும் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். நடந்ததை முழுவதும் உங்களுக்கு எழுதுகிறேன். அண்ணனுக்கு இன்று தனியாக எழுதுகிறேன், அதில் இவ்வளவு இருக்காது.

டிவியில் பார்த்திருப்பீர்கள். கட்ட அனுமதி வந்துவிட்டது. இயந்திரங்கள் மேலே போகக் கூடாதென்று பெரியவர்கள் மலைப் பாதை தொடங்கும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கம்பளிகளுக்குள் வெறும் முகங்கள் மட்டும் தெரிகின்றன. மோமி அத்தை முதல் வரிசையில். நான் போன மாதம் பயிற்சிக்குச் சேர்ந்த எங்கள் அலுவலகத்தை மூடிவிட்டார்கள், ஊழியர் யாரும் மேலே போகக் கூடாதென்று உத்தரவு. நான் சனிக்கிழமை ஒரு பானை மாட்டுக்கறிக் குழம்பும் சோறும் எடுத்துக்கொண்டு பிக்கப்பில் போனேன். அத்தையைப் பார்க்கத்தான். வேறு எதுவும் நினைக்கவில்லை என்று சொன்னால் பொய்.

"வாம்மா. பானையில என்ன, ஒங்க ஆபீஸ் குடுத்தனுப்பிச்சதா?" என்றார் அத்தை. வரிசை முழுக்கச் சிரித்தது.

"நான் சமைச்சது அத்தை."

"அப்ப உப்பு பத்தாது. வெய்யி."

பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "பத்துதே மோமி" என்றார். "ஒனக்கு நாக்கு செத்துப்போய் வருஷக்கணக்காச்சு, நீ பேசாத" என்றார் அத்தை.

பிறகு கம்பளிக்குள் கையை விட்டு, மார்போடு வைத்திருந்த அந்தப் பாட்டிலை எடுத்தார். பஞ்சு அப்படியே இருந்தது. "வந்து நாலு நாளாச்சு. எலி வந்துடுமோன்னு உடம்புலயே வெச்சிருக்கேன். எம் முட்டி ரெண்டும் இந்த நாற்காலியோட சரி. இத நான் எங்க கொண்டு ஏறறது?" என்றார். "யார்ட்ட குடுக்கணும்னு ஒங்கண்ணன் எழுதல. யார்ட்ட குடுக்கக் கூடாதுன்னும் எழுதல."

நான் கையை நீட்டவில்லை. நான் கொண்டுபோக வேண்டாமென்று சொன்னவனுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டால் அது திருட்டு மாதிரி இருக்குமே என்று நினைத்தேன். அத்தை அதைப் புரிந்துகொண்டாரோ என்னவோ, குரலை உயர்த்தினார். வரிசையில் எல்லோர் காதிலும் விழ வேண்டுமென்றே கேட்டது போல் இருந்தது.

"இங்க பாரு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மேல வேலைக்குப் போறியா, பிள்ளைக்குப் போறியா?"

அந்த இடத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று தெரியாது. பிப்ரவரியில் ஒலிபெருக்கி முன்னால் எனக்கு வராத குரல் இப்போதும் வராதோ என்று பயந்தேன்.

"பிள்ளைக்கு" என்றேன்.

"சத்தமா."

"பிள்ளைக்குப் போறேன் அத்தை. நஹோவா மகளுக்கு."

அத்தை வரிசையைப் பார்த்துக் கத்தினார். "காலை மடக்குங்க! வழி விடுங்க! தொப்புள்கொடி போவுது!"

அண்ணி, அந்த நாற்காலிகள் போலீஸ் வந்தபோதும் நகரவில்லை. முட்டி வலிக்காரர்கள் எல்லோரும் கையை ஊன்றி எழுந்தார்கள், நாற்காலிகளை இழுத்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார், அடுத்தவரும் கழற்றினார். அந்த இடைவெளியில் அப்பாவின் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு போனேன். பாட்டில் என் சட்டைக்குள் இருந்தது, அத்தையின் சூட்டோடு.

பாதை முடியும் இடத்தில் இறங்கி நின்று, அப்பா செய்வது போல், நான் யார் என்று மலையிடம் சொன்னேன். கைபோவின் மகள் என்றேன். எங்கே வேலை செய்கிறேன் என்பதையும் சொன்னேன். மறைத்துவிட்டுப் போக மனம் வரவில்லை. பிறகு ஏரிக்கு நடந்தேன். அங்கே காற்று அவ்வளவு மெல்லியது, பேசினால்கூட வீணாகிவிடும் போலிருக்கும். பாறை அப்படியே படுத்திருந்தது. பிளவுக்குள் விரலை விட்டு, ஏற்கெனவே இருப்பவர்களை நகர்த்தாமல், கொஞ்சம் தள்ளி வைத்தேன். மேலே ஒரு சிறு கல். குழந்தையின் முழுப்பெயரைச் சொன்னேன், அண்ணன் நர்ஸுக்குச் சொன்னது போலவே எழுத்து எழுத்தாக.

காலிப் பாட்டிலில் ஏரித் தண்ணீரை நிரப்பிக்கொண்டேன். எங்கள் வீடுகளில் பிரசவம் ஆனவளுக்கு அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு கொடுப்பார்கள். அது உங்களுக்கு.

இறங்கி வந்தபோது அத்தை பானையைக் கழுவி வைத்திருந்தார். "ஒங்க ஆபீஸ் தொறந்தப்பறம் நீ அவங்க வண்டியில வந்தேன்னா நான் நகர மாட்டேன். தெரியுமில்ல?"

"தெரியும் அத்தை."

"தெரிஞ்சா சரி. பானைய எடுத்துக்க."

இதை அண்ணனிடம் சொல்ல வேண்டுமா வேண்டாமா என்று உங்களுக்கு நான் சொல்லவில்லை.

மெஹானா

*

ஹீலோ, ஜூலை 25

அன்புள்ள அண்ணா,

இங்கே சுகம். லிலினோயே வளர்கிறாளா? உன் விரல் ஆறிவிட்டதா?

நீ மோமி அத்தைக்கு அனுப்பியது பத்திரமாக வந்து, சனிக்கிழமை மலைக்குப் போய்ச் சேர்ந்தது. ஏரித் தண்ணீர் இப்போது பச்சையாக இருக்கிறது, கரையோரம் கொஞ்சம் வற்றியிருக்கிறது. நாய்ப் பாறையில் மாற்றம் எதுவுமில்லை. காது பக்கம் மட்டும் ஒரு சில்லு உடைந்திருக்கிறது. உன்னுடையதற்கும் இன்னொன்றுக்கும் பக்கத்தில், இடம் விட்டு வைக்கப்பட்டது. பாட்டிலில் தண்ணீர் அனுப்பியிருக்கிறேன்.

அத்தை தைரியமாக இருக்கிறார். மேலே குளிர் அதிகம்.

மெஹானா

*

லாஸ் வேகஸ், ஆகஸ்ட் 18

அன்புள்ள மெஹானா,

விரல் எப்போதோ ஆறிவிட்டது. அதை உனக்கு யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை. குழந்தை குப்புற விழுகிறாள். மரிசெல் சுகம்.

பாட்டில் வந்தது. மரிசெல்லுக்கு ஒரு சொட்டு கொடுத்தேன். குழந்தையின் நெற்றியில் கொஞ்சம். பிறகு யாரும் பார்க்காதபோது நானும் மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். கல் வாசனை. பனி வண்டி கடற்கரைக்கு வந்து நின்றதும் பலகையைத் திறப்பாரே, அந்தப் பின்பலகை திறக்கும்போது வருமே, அந்த வாசனை. சமையலறையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மரிசெல் பயந்துவிட்டாள்.

நாய்ப் பாறையின் காதில் சில்லு உடைந்ததைப் பற்றி எழுதியிருந்தாய். மோமி அத்தைக்கு அந்தப் பாறை தெரியாது. ஆனால் அத்தைக்குக் கண் நல்ல கூர்மை, அவர் கண்டுபிடித்திருப்பார்.

மூன்று நாளாக இந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கை வலிக்கிறது. அப்பா சொன்னது சரிதான்.

ஒன்று மட்டும் எழுது. கொண்டுபோனவருக்கு மூச்சு வாங்கியதா?

அண்ணன்,
நஹோவா

*

ஹீலோ, செப்டம்பர் 1

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் சுகம். மழை விட்டிருக்கிறது. இன்று காலை மேகம் விலகி மலை முழுவதும் தெரிந்தது.

வாங்கவில்லை.

மெஹானா

*

அதற்குப் பிறகு நடந்தது இது. குளிர்காலம் வந்தபோதும் பெரியவர்கள் அங்கேயே இருந்தார்கள். தொலைநோக்கி கட்டப்படவில்லை. எங்கள் அலுவலகம் மீண்டும் திறக்கவில்லை, தொலைநோக்கியை இயக்கும் என் வேலை தொடங்காமலே முடிந்தது. புத்தகக் கடைக்குத் திரும்பினேன். அடுத்த ஆண்டு அந்தக் கடையும் மூடியது, தீவில் வேறு வேலை கிடைக்கவில்லை. பிக்கப்பை மோமி அத்தையின் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். இப்போது லாஸ் வேகஸில், அண்ணன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். இப்போது சண்டையும் நேரில்தான், கடிதம் எழுதிக்கொள்வதில்லை.